ஆங்கிலேய பாணி முன்தோட்டம்: சிங்கப்பூரில் எங்கே பார்க்கலாம், எங்கே ஏமாறலாம்

முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர், கேட்டிலிருந்து வாசல்வரை நேரான நடைபாதை, இருபுறமும் லாவெண்டர், கதவுக்கு மேலே ரோஜாக் கொடி. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர்த் தரைவீட்டுக்காரர் முதலில் போய் நிற்கும் இடம் கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம். நம் முன்வாசலுக்கு மிகக் குறைவாகக் கற்றுத்தரும் இடமும் அதுதான். இங்கே பார்க்கக் கிடைக்கும் நான்கைந்து இடங்களை ஒரே ஒரு கேள்வியோடு மட்டும் எடைபோட்டிருக்கிறோம்: கார் நிற்கும் இடம் போக மிஞ்சும் இரண்டு மூன்று மீட்டர் மண்ணுக்கு இங்கிருந்து எதை எடுத்துப் போகலாம்?

எதை எடுக்க முடியாது என்பது முதலில். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கும் டெல்ஃபினியம் போன்ற செடிகளுக்கு இங்கே அந்த அழைப்பே வருவதில்லை. டியூலிப் கிழங்குக்கு மூன்று மாதத்துக்கும் மேலான குளிர் வேண்டும். ஹைட்ரேஞ்சியா மொட்டுப் பிடிக்கவே குளிர்ந்த இரவுகள் தேவை. கேமரன் மலையிலிருந்து பூத்த நிலையில் வந்திறங்கும் ஹைட்ரேஞ்சியா இங்கே ஒரு சுற்று அழகாக நிற்கும்; அதன்பிறகு இலை மட்டும்தான். லாவெண்டர் சாவது பெரும்பாலும் வெயிலால் அல்ல. இரவிலும் இறங்காத ஈரப்பதமும் வேரில் தேங்கும் ஈரமும்தான் அதை அழுகவைக்கின்றன. வாடியதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் முடிவு விரைவாக வரும்.

ஆக, எடுத்து வர வேண்டியது செடியை அல்ல, எலும்புக்கூட்டை: பாதை, ஓரவேலி, உயர வரிசை, ஒரே செடியைத் திரும்பத் திரும்ப நடும் பழக்கம், வண்ண ஒழுங்கு. சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தை உருவாக்கிய கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) ஓவியம் பயின்றவர். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகப் புள்ளி வைக்காமல் நீண்ட கொத்துகளாக நட்டார். குளிர்ந்த நிறங்களில் தொடங்கி நடுவே சிவப்பு, ஆரஞ்சுக்கு ஏறி மறுபடி குளிர்ந்த நிறங்களில் இறங்கினார். இந்த ஒழுங்குக்கு லாவெண்டர் தேவையில்லை. வெட்சியும் நந்தியாவட்டையும் இதைச் செய்யும்.

இந்தக் கணக்கில் ஃபிளவர் டோமை மதிப்பிடுவோம். 2012இல் திறந்த இந்த 1.2 ஹெக்டர் கண்ணாடிக் கூடத்துக்குள் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரிவரை. நடுவே உள்ள மலர்த் திடலின் காட்சி ஆண்டில் பலமுறை மாறும். டியூலிப், ரோஜா என்று கருப்பொருள் வந்து போகும். பூத்த நிலையில் வைத்து, வாடினால் மாற்றும் ஏற்பாடு அது. அங்கே ரோஜா செழித்திருப்பதைப் பார்த்து வீட்டுக்கு ரோஜா வாங்கினால் கரும்புள்ளி நோய், இலைப்பேன், செஞ்சிலந்தி மூன்றும் சேர்ந்தே வரும். என்றாலும் கட்டணம் கொடுத்துப் போவதில் ஒரு பயன் உண்டு. கைப்பேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவின் கவர்ச்சி போய் உயர வரிசை மட்டும் தெரியும்: முன்னே கணுக்கால் அளவு, நடுவே முழங்கால், பின்னே இடுப்பு. அந்த ஒரு படம் போதும். செடிப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து நர்சரியில் கேட்காதீர்கள்.

பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வருவோம். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. ஆங்கிலேய நிலக்காட்சிப் பாணியில் வளைந்த பாதைகளும் ஏரியும் புல்வெளியுமாக அமைந்த தோட்டம் என்பது அந்தத் தகுதிக்கே ஒரு காரணம். ஆனால் அது பெருந்தோட்டப் பாணி. 1866இல் வெட்டிய அன்ன ஏரியைப் பார்த்து ஆறு மீட்டர் அகல வீட்டுக்கு என்ன செய்வது? வளைந்த பாதையைச் சின்ன இடத்தில் போட்டால் இடமும் போகும், நடப்பவர் மூலையை வெட்டிப் புல்லை மிதித்துப் போவதும் நடக்கும். சின்ன முன்தோட்டத்துக்கு நேர்க்கோடுதான்.

ஆனாலும் பூமலையில் இரண்டு இடங்கள் வீண்போகாது. ஒன்று, சூரியக் கடிகாரத் தோட்டம். இடமும் வலமும் ஒத்த அமைப்பு, நடுவே ஒரே ஒரு பொருள், சுற்றிலும் வெட்டிவிட்ட வேலி என்ற இலக்கணம் அங்கே கண்முன் இருக்கிறது. தமிழ் வீட்டுக்கு இது சுலபமாகப் பொருந்தும்: நடுவே சூரியக் கடிகாரத்துக்குப் பதில் துளசி மாடம். பறவைக் குளியல் தொட்டி வைக்க ஆசைப்படுவோருக்கும் அதையே சொல்வோம். தொட்டி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, ஏடிஸ் கொசுவின் முட்டை ஒட்டியிருக்கும் உட்சுவரையும் தேய்க்க வேண்டும். துளசிக்கு ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டிருந்தால் புதர் கட்டும்.

இன்னொன்று, 1995இல் திறந்த தேசிய ஆர்க்கிட் தோட்டம். பூமலையில் மற்றவை இலவசம், இதற்கு மட்டும் கட்டணம். ஆர்க்கிட்டுக்கும் இங்கிலாந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தத் தோட்டம் நான்கு பருவங்களின் பெயரில் நான்கு வண்ணப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வசந்தத்துக்குப் பொன்னும் மஞ்சளும், கோடைக்குச் சிவப்பும் அடர் இளஞ்சிவப்பும், இலையுதிர்காலத்துக்கு முதிர்ந்த நிறங்கள், குளிர்காலத்துக்கு வெள்ளையும் குளிர்ந்த நீலமும். வெப்பமண்டலச் செடிகளை மட்டும் வைத்து நிறத்தைப் பிரித்துக் காட்டும் பாடம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் இல்லை. நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்; ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சின்ன இடத்தில் குளிர்காலப் பகுதியின் வெள்ளை, நீலம்தான் எளிது. இருட்டிய பிறகு வேலை முடிந்து வருபவருக்குத் தெருவிளக்கில் வெள்ளைப்பூ தெரியும், சிவப்பு தெரியாது. கென்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் புகழ்பெற்ற வெள்ளைத் தோட்டமும் இதே யுக்திதான்.

இவ்வளவையும் தாண்டி ஓர் இடத்துக்கு மட்டுமே போக நேரம் இருந்தால் ஹார்ட்பார்க். அலெக்ஸாண்ட்ரா ரோட்டை ஒட்டி, ஹைதராபாத் சாலையில் இருக்கிறது; அக்கம்பக்கத்துச் சாலைகளுக்கோ கேன்டர்பரி, வின்செஸ்டர் என்று பெயர். நுழைவு இலவசம். பெரிய காட்சித் தோட்டங்களைவிட இங்கே நின்று பார்க்க வேண்டியது வாடகைப் பாத்திகளை. தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களுக்கு விடும் ஒவ்வொரு பாத்தியும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இடைநிலை வரிசைவீட்டில் கார் இடம் போக மிஞ்சும் பாத்தியும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அந்த அளவுக்குள் எத்தனை செடி நிற்கும், எது எதை நெருக்கிக் கொல்கிறது, எந்தச் செடி அழகாகத் தொடங்கி ஆறு மாதத்தில் காலெல்லாம் மொட்டையாகிறது என்பது அங்கே உயிரோடு தெரியும். பெரும்பாலும் கீரையும் மூலிகையும்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இடைவெளியை.

அதே 2.5 × 1 மீட்டரை ஆங்கிலேய பாணிக்கு மாற்றினால் கணக்கு இப்படி வரும். பாதையை ஒட்டிய விளிம்பில் குட்டை வேலிக்கு ஃபுகியன் டீ எனப்படும் கார்மோனா, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 செடி. அடுத்து நீலப்பூ எவால்வுலஸ் நான்கு (நம் விஷ்ணுகிராந்திக்கு நெருங்கிய சொந்தம், லாவெண்டர் நிறத்தைத் தரைமட்டத்தில் கொடுக்கும்). நடுவே ஊதா ஏஞ்சலோனியா ஐந்து ஐந்தாக இரண்டு கொத்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியில். இரு கொத்துக்கும் இடையே வெள்ளை பென்டாஸ் மூன்று. பின்வரிசையில் குட்டை நந்தியாவட்டை மூன்று, 60 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி. வாசல் தூணோரம் பெட்ரியா கொடி ஒன்று. ஆங்கிலேய வாசல்களில் படரும் விஸ்டீரியாக் கொடியின் தொங்கும் ஊதாவுக்கு இங்கே அதைவிட நெருங்கிய செடி இல்லை. சில வாரம் மழையில்லாமல் காய்ந்தபிறகு நன்றாகப் பூக்கும். மொத்தம் 33 செடி, ஆறே வகை. வகையை எட்டு, பத்து என்று கூட்டினால் நர்சரி மேசைபோல ஆகிவிடும். ஆசை அடங்காதவர்கள் வகையைக் கூட்டாமல் பென்டாஸை மட்டும் ஆண்டுக்கொருமுறை நிறம் மாற்றிக்கொள்ளலாம்.

மண்ணில்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இந்தப் பாத்தி 750 லிட்டர் கொள்ளும். மேல்மண் மூன்று, கம்போஸ்ட் ஒன்று, கழுவிய மணல் ஒன்று என்ற விகிதத்தில் 450, 150, 150 லிட்டர். அமுங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். கொட்டும் முன் ஒரு சோதனை: ஒரு முழங்கை ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்தபின் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பியது மறுநாளும் நின்றால் அடியில் கட்டடக் கழிவோ இறுகிய களிமண்ணோ இருக்கிறது. தோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் பாத்தியைச் செங்கல் கட்டி உயர்த்துங்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் வடிகால் தப்பினால் மேலே சொன்ன 33 செடியும் தப்பாது.

ஹார்ட்பார்க்கிலோ இங்கிலாந்துத் தோட்டக்கலைக் குறிப்புகளிலோ கிடைக்காத ஒன்று, நம் திசைக் கணக்கு. தெற்கு பார்த்த தோட்டமே சிறந்தது என்பது இங்கிலாந்து அறிவுரை. இங்கே சூரியன் ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை வடக்குப் பக்கம், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். வடக்கு பார்த்த வாசலுக்கு ஜூனில் நல்ல வெயில், டிசம்பரில் வீட்டு நிழல். தெற்கு பார்த்தால் தலைகீழ். கிழக்கு வாசலே ஆண்டு முழுக்க நம்பகமானது. மேற்கு வாசலில் பிற்பகல் வெயிலோடு தரை ஓட்டின் சூடும் சேரும். அங்கே எவால்வுலஸும் காகிதப்பூவும் தாங்கும், பென்டாஸ் துவளும். எதிர்வீடு மூன்று மாடிக்கு உயர்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். காலை எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு வாசலைப் படம் எடுத்துப் பார்த்தபிறகு செடி வாங்குங்கள்.

வாசல் பக்கம் என்றதும் சிராங்கூன் கார்டன்ஸ். 1950களில் எழுந்த இந்தக் குடியிருப்புப் பேட்டையில் கென்சிங்டன், சார்ட்வெல், பெர்விக் என்று சாலைப் பெயர்களே இங்கிலாந்து வரைபடம். வெறும் நடையில் கிடைக்கும் இலவசக் கண்காட்சி இது. இதில் எதுவும் காட்சிக்காக வைத்ததல்ல என்பதுதான் இதன் மதிப்பு. சம்பளத் தோட்டக்காரர் வாரம் ஒருமுறை வந்து போகும் வீட்டில் எந்த வேலி அடர்த்தியாக நிற்கிறது, எந்த மரவேலி கறையான் ஏறிச் சாய்ந்திருக்கிறது என்று சாலையிலிருந்தே தெரியும். வெள்ளை மரவேலி வேண்டுமென்றால் பவுடர் பூச்சு அலுமினியத்தில் செய்யச் சொல்லுங்கள். நான்கு அடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. செங்கல் பாதைகளையும் கவனியுங்கள். வெயில் விழாத இடத்தில் போட்டவை பாசி பிடித்து வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொரசொரப்பான கல்லே மேல். பாதைக்கு 90 சென்டிமீட்டர் அகலம் குறைந்தபட்சம். சாலையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிறர் வாசலுக்குள் கைப்பேசியை நீட்ட வேண்டாம்.

அங்கே அடிக்கடி தென்படும் இரண்டு கோளாறுகள். முதலாவது, சுவரோர வெட்சியின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது. சிமெண்டிலிருந்து கசியும் காரம் மண்ணில் ஏற, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. சாதாரண உரத்தைக் கூட்டினால் சரியாகாது. கிலேட் வடிவ இரும்பும் (காரமண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய இரும்புச் சத்து) கம்போஸ்ட்டும் கொடுத்து, அடுத்த முறை சுவரிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி நடுங்கள். இரண்டாவது, கெமூனிங் வேலி. மணக்கும் வெள்ளைப்பூ, வெட்டினால் சொன்னபடி கேட்கும், இங்கிலாந்தில் குட்டையாக வெட்டி வளர்க்கும் பாக்ஸ் செடி வேலிக்கு நல்ல மாற்று என்று எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது கறிவேப்பிலைக்கும் சிறு எலுமிச்சை வகையான கலமான்சிக்கும் உறவு. தளிரில் சாறு உறிஞ்சும் அதே சிறு பூச்சி மூன்றிலும் ஏறும், தளிர் சுருளும். எலுமிச்சை வகைகளுக்கு அது நோயும் பரப்பும். வாசலில் கறிவேப்பிலை வளர்க்கும் வீடு கெமூனிங்கை விட்டுவிட்டுக் கார்மோனாவை எடுப்பது நல்லது.

பராமரிப்பு நேரத்தை இந்த இடங்கள் எதுவும் சொல்லாது. இங்கிலாந்தில் பாக்ஸ் வேலியை ஆண்டுக்கு ஓரிரு முறை வெட்டினால் போதும். இங்கே கார்மோனாவுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி வேண்டும். குளிர்கால ஓய்வு கிடையாது, ஆகவே ஏஞ்சலோனியாவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். வெட்டிய நுனியில் விரல்நீளத் துண்டுகளைக் கீழிலை நீக்கி ஈரமணலில் குத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி கிழடு தட்டும்போது மாற்று தயார். கம்போஸ்ட்டை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், வெக்கையில் அது வேகமாகக் கரைந்துபோகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு முன்தோட்டம் என்றால் தாழ்வாரம். 1.2 மீட்டர் அகல நடைவழி தடையில்லாமல் இருக்க வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கக்கூடாது. இவ்விரண்டுக்கும் உட்பட்டு, கதவின் இருபக்கமும் ஒரே மாதிரி இரண்டு தொட்டி, ஒவ்வொன்றிலும் உருண்டையாக வெட்டிய கார்மோனா, அடியில் எவால்வுலஸ். ஆங்கிலேய வாசலின் சாயல் இதிலேயே வந்துவிடும். தாழ்வாரத்துக்கு நேர்வெயில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், வைத்தால் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். கொசு இறுகிய மண்மேல் நிற்கும் தண்ணீரிலும் முட்டையிடும்.

செடியை முடிவு செய்தபின் தேசியப் பூங்காக் கழகத்தின் ஃபுளோரா அண்ட் ஃபானா வெப் தளத்தில் ஒருமுறை தேடுங்கள். இலவசம், உயரம், வெயில், தண்ணீர்த் தேவை எல்லாம் இவ்வூர்க் கணக்கில் இருக்கும். அழகுக்குறிப்பு எதிர்பார்க்காதீர்கள், அது தரவுத்தளம்.

கடைசியாகத் தாம்சன் ரோட்டு நர்சரிகள். உத்வேகம் தேடி இங்கே வராதீர்கள், பட்டியலோடு வாருங்கள். முன்வரிசையில் பூத்துக் குலுங்குபவை கண்ணை இழுக்க வைத்தவை, அவற்றில் குளிர்மலைச் செடிகளும் கலந்திருக்கும். எங்கிருந்து வந்தது, இங்கே எத்தனை வாரமாக இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். அனுபவமுள்ள கடைக்காரர் மறைக்காமல் சொல்வார். தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள்: வெள்ளை வேர் எட்டிப்பார்த்தால் நல்லது, பழுப்பு வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம், பஞ்சுபோல வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. வேலிக்கு 12 செடியும் ஒரே உயரத்தில், ஒரே சரக்கிலிருந்து எடுங்கள். பாதியை அடுத்த மாதம் வாங்கலாம் என்று விட்டால் வேலி சமமாக ஓராண்டு ஆகும். பூத்த செடியைவிட மொட்டோடு குட்டையாகக் கிளைத்த செடி மேல். நித்தியகல்யாணியை டிசம்பர் மழைக்கு முன் மொத்தமாக வாங்காதீர்கள், தொடர்மழையில் தண்டு கறுத்து வரிசையாகச் சாயும். மண்மூட்டையைக் கடையிலேயே வண்டியில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். ஈரமண் மூட்டையின் பாரத்தைக் கையால் தூக்கிப் பார்த்தவர்கள் அனுப்பும் கட்டணத்துக்குப் பேரம் பேசுவதில்லை.